மோதிர விரலில் பாதி

மழை விடாமல் பெய்த மாதம் அது. கீழ் வீட்டுச் சலவைக்கூடத்தில் துணி காயவில்லை. வெளுக்க வந்த ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை, சலவைக்கூடம் நடத்தும் அக்கா, கூடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மாடிப்படிக்குப் போக அவற்றை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஈரத்துணி முகத்தில் படும். சோப்புத்தூள் வாசனையும் இஸ்திரி மெஷினின் ஆவியும் மாடி வரைக்கும் ஏறி வரும்.

மாடியில் ஓர் அறையும் ஒரு சமையல் மேடையும். என் மனைவி இருந்தபோது இரண்டு பேருக்கு இடம் போதாது என்று பேசிக்கொள்வோம். இப்போது போதும்.

ஜன்னலோரம் ஒரு மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி. நான் சுவரோரத்து நாற்காலியில் உட்காருவேன். இடது முழங்கைக்கு ஜன்னல் திட்டு சரியாக அமையும். அவள் எதிரில் உட்கார்ந்து சில சமயம் எனக்குப் பின்னாலிருக்கும் சுவரைப் பார்த்துச் சிரிப்பாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

ஒருநாள் சாயங்காலம் விரிப்பை விலக்கியபோது மறுபக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"யாரு, மாடியா? சும்மாதான போறீங்க, இந்த நுனியக் கொஞ்சம் புடிங்க."

பிடித்தேன். விரிப்பு மடிக்க இரண்டு ஆள் வேண்டும். எதிரெதிரே நின்று இழுத்து, உதறி, நுனியோடு நுனி சேர்த்து, நடந்து வந்து அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். உதறும்போது என் இடது நுனி நழுவியது. எடுத்தேன். மறுபடி நழுவியது.

"உங்க இடது கை என்ன, லீவுல இருக்கா?"

"பழக்கமில்லக்கா."

"அந்தப் பொண்ணு இருந்தப்ப வீட்ல போர்வை மடிச்சதே இல்லயா?"

மடித்ததில்லை. ஒரு நுனியைத் தாடையில் இடுக்கிக்கொண்டு அவளே மடித்துவிடுவாள்.

"தம்பி எங்கக்கா? அவன்தான கூட மடிப்பான்."

"உள்ள இருக்கு. சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கு. பெயிலாயிருச்சு."

அவளுடைய தம்பிக்கு நெட்டை என்று பெயர். அப்படித்தான் தெருவே கூப்பிடும். வாசல் நிலையில் தலை இடிக்காமல் இருக்க எப்போதும் கொஞ்சம் குனிந்தே நடப்பான். பிஸியோதெரபி பட்டப்படிப்பு முடித்துவிட்டு ஒரு மூட்டுவலி கிளினிக்கில் வேலை பார்த்தான். மேற்படிப்புக்கு வருஷா வருஷம் நுழைவுத்தேர்வு எழுதினான். ஒரு வழியாக நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஏன் மேலே படிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "கிளினிக்ல ஒத்தட மெஷின ஆன் பண்றேன், ஆஃப் பண்றேன் சார். நடுவுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்" என்றானாம். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். இடம் கிடைத்த ஒரு பெண் கல்யாணமாகி வெளியூர் போனதால் கடைசி வாரத்தில் இவனுக்கு அழைப்பு வந்தது. அன்றைக்கு அக்கா கூடத்தை மூடிவிட்டு அவனைச் சாப்பிடக் கூட்டிப்போனாள். அவள் கூடத்தை மூடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் கூடத்துச் சுவரெல்லாம் நரம்புப் படம். ஆவிக்குப் படம் சுருளும். நெட்டை இஸ்திரி போட்டபடியே தசைகளின் பெயர்களை முணுமுணுப்பான். எலும்பைக் குறிக்கத் தன் தொடையிலேயே மை பென்சிலால் கோடு போட்டு, அது வெள்ளை விரிப்பில் ஒட்டி, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

செமஸ்டர் கடைசியில் செய்முறைத் தேர்வு. ஒரு பெரியவரின் காலில் தொடு உணர்வு எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பஞ்சால் தொட்டுத் தொட்டுப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அந்தப் பெரியவருக்குச் சர்க்கரை நோய். கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமே தெரியாது.

"அவரு தெரியுதுன்னுதாண்ணே சொன்னாரு" என்றான் நெட்டை. உள்ளறையில் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஒவ்வொரு தடவையும் கேட்டேன். தெரியுது தம்பி, தெரியுது தம்பின்னாரு. எதுக்குப் பொய் சொல்லணும்? நான் அவருக்கு என்ன பண்ணேன்?"

"பரீட்சை வெச்ச மேடம்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். தப்பு எங்கன்னு நீயே கண்டுபுடின்னாங்க. மறுதேர்வு ஒண்ணுதான். அதுலயும் போச்சுன்னா படிப்ப விட்டு நிறுத்திருவாங்க."

"நிறுத்துனா நிறுத்தட்டுங்குது" என்று வெளியிலிருந்து அக்கா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "இங்க வந்து இஸ்திரி போடுதாம். என்னை மாதிரி."

"போட்டா என்னக்கா? உனக்கும் தோள் வலி."

"என் தோளுக்காக நீ படிச்சியா? நான் ஒருத்தி இந்த ஆவில வேகறது பத்தாது, நீயும் வந்து வேகணுமா? இந்தக் கூடத்துல நீ மறுபடி வந்து நின்ன, மெஷின வித்துட்டு நான் போயிருவேன். ரெண்டு பேரும் தெருவுல நிக்கலாம், நீ நெட்டையா இருக்க, கொடையாவது புடிக்கலாம்."

அவள் சொன்னால் செய்வாள். அவனுக்கும் அது தெரியும். கட்டிலிலிருந்து இறங்கிக் கால் செருப்பைத் தேடினான்.

மறுதேர்வுக்குப் போகிறவன் சோதிப்பதற்கு ஓர் ஆளைத் தானே கூட்டிப்போக வேண்டும். அக்கா ஆக மாட்டாள். "எனக்குக் கூச்சம். தொட்டா சிரிச்சிருவேன். மாடி, நீங்க கொஞ்சம் உடம்ப இரவல் குடுங்க. சாயங்காலம் சும்மா ஜன்னல்லதான உக்காந்திருக்கீங்க."

சரி என்றேன். மறுக்கக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

நான் லிஃப்ட் கம்பெனியில் புகார் போன் எடுக்கிறவன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பேசுவார்கள். பயப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க என்று சொல்ல வேண்டும். ஆள் போய்ச் சேரும்வரை போனை வைக்கக் கூடாது. இடது கையில் போன், வலது கையில் பேனா, முழங்கை மேசையில். உள்ளே இருப்பவர்கள் முதலில் கத்துவார்கள். பிறகு குழந்தைகளைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ பேச ஆரம்பிப்பார்கள். கதவு திறந்ததும் சொல்லாமல் போய்விடுவார்கள். போனில் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும்.

அங்கிருந்து வந்ததும் கீழேயே நின்று, கால் கழுவி, துணி மடிக்கிற மேசையில் படுத்துக்கொள்வேன். நெட்டை ஒரு விரிப்பை நாலாக மடித்துத் தலைக்கு வைப்பான். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொள்வேன்.

"கண்ண மூடிக்கோங்கண்ணே. தெரியுதா?"

"தெரியுது."

"இங்க? தெரியுதா?"

"தெரியுது."

முடிவெட்டுகிறவரைத் தவிர யாரும் என்னைத் தொட்டு ரொம்ப நாளாகியிருந்தது. பஞ்சு என்பது தொடுவதாகக்கூடக் கணக்கில்லை. இருந்தாலும் அடுத்தது எப்போது படும் என்று காத்திருந்தேன். கண்ணை மூடியிருந்ததில் ஒரு வசதி.

"இங்க தெரியுதா?"

"தெரியுது."

"இங்க?"

"தெரியுது."

அக்கா சிரித்தாள். மெஷின் சத்தத்துக்கு மேல் சிரித்தாள்.

"டேய் நெட்டை, உன் கையில என்னடா இருக்கு?"

"பஞ்சு."

"பஞ்சு கீழ கெடக்கு. எப்பவோ விழுந்துருச்சு. வெறும் காத்துல தடவிட்டு இருக்க. இவரும் தெரியுது தெரியுதுங்கிறாரு. நல்ல ஜோடி."

கண்ணைத் திறந்தேன். நெட்டை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல் என் காலுக்கு மேலே, தொடாமல், அப்படியே நின்றது.

"ஏண்ணே தெரியுதுன்னீங்க?"

"நீ கேட்டே."

"கேட்டா?"

"கேட்டா என்ன சொல்றது? கஷ்டப்பட்டுக் கேக்குற. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அவன் மேசை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். சலவை மெஷின் தண்ணீரை வடித்து நின்றது. வெளியே தகரத்தில் மழை விழுந்தது.

"அந்தப் பெரியவரும் பொய் சொல்லலண்ணே" என்றான். "நான்தான் சொல்ல வெச்சிருக்கேன்."

அதற்கப்புறம் அவன் கேட்பதை நிறுத்தினான். முதலில் கண் திறந்திருக்கும்போதே நெஞ்சில் பஞ்சை வைத்துக் காட்டுவான். "இதுதான் பஞ்சு. இப்படித்தான் இருக்கும். இதே மாதிரி தெரிஞ்சா ம்-னு சொல்லுங்க. தெரியலன்னா ஒண்ணும் சொல்ல வேணாம்." அப்புறம் கண்ணை மூடச் சொல்வான். உடனே தொட மாட்டான். சில சமயம் அடுத்தடுத்து இரண்டு தடவை தொடுவான். சில சமயம் தொடவே மாட்டான். தாளம் வந்துவிடக் கூடாதாம். தாளம் வந்தால் உடம்பு தானாகச் சொல்லிவிடுமாம்.

அப்படிப் படுத்துக் காத்திருப்பது சுலபமாக இல்லை. தொட்டானா, நினைத்துக்கொண்டேனா என்று குழம்பும். நினைத்துக்கொண்டதற்கு ம் சொல்லாமல் இருக்கப் பழக வேண்டியிருந்தது. அக்கா கூட அந்த நேரம் பேச மாட்டாள். விரிப்பைத் தனியாக, தாடையில் இடுக்கி மடிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

கால் மட்டும்தான் பார்த்தோம். தோற்றது காலில் என்பதால். "கை எனக்குத் தண்ணி பட்ட பாடுண்ணே" என்பான் நெட்டை.

மறுதேர்வன்று இருவரும் ஒரே குடையில் போனோம். குடையை அவன் பிடித்தான். அதனால் எனக்குத் தலை மட்டும் நனையவில்லை. கல்லூரியில் நீளமான ஒரு கூடம். வரிசையாகக் கட்டில்கள், நடுநடுவே பச்சைத் திரை. கட்டில் விரிப்புகளின் ஓரத் தையல் எனக்குப் பழக்கமாக இருந்தது. அக்கா வெளுத்தது.

மேடம் ஒல்லியாக இருந்தார், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தார். நெட்டையை ஒரு சீட்டு எடுக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தவன் முகம் தெளிந்தது. கை.

மேடம் என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார். "நீங்க எதுவும் நடிக்க வேணாம். உங்களுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அவரு எப்படிப் பாக்குறாருன்னுதான் நாங்க பாப்போம்."

நெட்டை கையைக் கழுவினான். என்ன செய்யப் போகிறான் என்று எனக்கே புதிதாகச் சொல்வதுபோலச் சொன்னான். தொடலாமா என்று கேட்டான். நெஞ்சில் பஞ்சை வைத்துக் காட்டினான். கண்ணை மூடினேன்.

வலது கை. ம். ம். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. ம்.

இடது கை. தோள், ம். முன்கை, ம். கட்டை விரல், ம். அப்புறம் ஒன்றுமில்லை. காத்திருந்தேன். தொடவில்லை என்று நினைத்தேன். இன்னும் ஒன்றுமில்லை. உள்ளங்கையில் ம். மறுபடி ஒன்றுமில்லை. வேண்டுமென்றே இழுக்கிறான் என்று நினைத்தேன். கூடத்தில் யாரோ இருமினார்கள். நடுவிரலில் பட்டது, ம். பிறகு மோதிர விரலின் ஒரு பக்கத்தில் பட்டது. ம். பிறகு மறுபடி ஒன்றுமில்லை.

"கண்ணத் திறந்துக்கோங்க" என்றான் நெட்டை. அவன் குரல் மாறியிருந்தது.

"முடிச்சாச்சா?" என்றார் மேடம்.

"முடிச்சாச்சு மேடம். இடது சுண்டு விரல்ல தொட்டா தெரியல. மோதிர விரல்ல பாதி தெரியல. சுண்டு விரல் பக்கத்துப் பாதி."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இவர் பேஷண்ட் இல்லயே. நீங்க கூட்டிட்டு வந்த ஆளுதான?"

"ஆமா மேடம்."

"இத்தன நாள் இவரை வெச்சுத்தான பழகியிருப்பீங்க. அப்பத் தெரியலயா?"

"கால் மட்டும்தான் பாத்தோம் மேடம்."

"நல்லா இருக்கிற ஆள்கிட்ட இல்லாதத எழுதுனா என்ன ஆகும்னு தெரியுமில்ல? போன தடவ இருக்கிறத விட்டீங்க. இந்தத் தடவ இல்லாதத எழுதப் போறீங்களா?"

நெட்டை என்னைப் பார்த்தான். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். தெரியுதாண்ணே என்று கேட்டால், தெரியுது என்று சொல்லியிருப்பேன். அந்த நிமிஷம் அவனுக்காக என்ன வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். அவன் வாய் திறக்கப் போவதுபோல இருந்தது. அக்கா அந்த ஆவியில் நிற்பது எனக்கே கண்ணில் தெரிந்தது.

அவன் கேட்கவில்லை. குனிந்து எழுதினான். என் கையைப் படமாகப் போட்டு, மோதிர விரலின் நடுவே ஒரு கோடு இழுத்து, அதற்கு வெளியே சாய்கோடுகளால் நிரப்பினான். எழுதி முடித்து நீட்டினான்.

மேடம் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தன் டப்பாவிலிருந்து புதுப் பஞ்சு எடுத்தார். "கண்ண மூடுங்க."

ரொம்ப நேரம் மூடியிருந்தேன். பிறகு அவர் ஒரு காகிதத் துண்டை என் இடது கையின் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே வைத்து, "இறுக்கிப் புடிங்க, விடாதீங்க" என்றார். பிடித்தேன். மெல்ல இழுத்தார். விரிப்பு நுனி நழுவுவது போலவே நழுவியது.

முழங்கையின் உட்புறம் எலும்புக்குப் பக்கத்தில் விரலால் தட்டினார். சுண்டு விரல் நுனி வரை மின்சாரம் பாய்ந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"இந்த முழங்கைய எதுலயாவது ஊன்றி உக்காருவீங்களா?"

"ஆபீஸ்ல போன் பேசும்போது."

"அது மட்டும்தானா?"

"வீட்ல. ஜன்னல் திட்டுல."

"தினமுமா?"

"ம்."

"எவ்வளவு நேரம்?"

யோசித்தேன். வேலையிலிருந்து வந்து உட்கார்ந்தால் இருட்டி விளக்கு போடாமலே இருந்துவிடுவேன். "தெரியல" என்றேன்.

"இந்த அளவுக்கு மரத்துப் போயிருக்கு. வீட்ல யாரும் கவனிக்கலயா?"

நெட்டை தரையைப் பார்த்தான். மேடம் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனுடைய காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"கோடு கொஞ்சம் நேரா போட்டிருக்கலாம்" என்றார். "திங்கக்கிழமை வகுப்புக்கு வந்துருங்க."

வெளியே வந்ததும் நெட்டை அக்காவுக்குப் போன் செய்தான். சொன்னான். மறுமுனையில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அக்கா, "சரி, மழையில நின்னு பேசாத, வா" என்று வைத்துவிட்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. ஆவி என்றாள்.

நெட்டை மாடிக்கு ஏறி வந்தான். அவன் அங்கே வந்தது ரொம்ப நாளைக்கப்புறம். நிலையில் குனிந்து நுழைந்து, மேசையை, திட்டை, என் நாற்காலியைப் பார்த்தான். எதிர் நாற்காலியையும் பார்த்தான். அதன் மேல் பழைய செய்தித்தாள்கள் கிடந்தன.

"முழங்கைய ஊன்றக் கூடாதுண்ணே. போனை வலது கைக்கு மாத்துங்க. நரம்பு மெதுவாத்தான் வரும். வரும்போது குறுகுறுங்கும், எரியும். அப்ப பயந்துராதீங்க."

"எரிஞ்சா?"

"எரிஞ்சா வருதுன்னு அர்த்தம். அது வரைக்கும் உக்கார்ற எடத்த மாத்துங்க."

"வேற எடம் ஏது?"

அவன் எதிர் நாற்காலியைக் காட்டவில்லை. "பாத்துக்கோங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான்.

அடுத்த வாரத்திலிருந்து அவனுக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் பயிற்சி. ஒரு பையோடு, நரம்புப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினான். படம் இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக இருந்தது. அக்கா அதன் மேல் கயிறு கட்டித் துணி போட்டாள்.

மடிக்கிற மேசையில் படுக்க இனி எனக்கு வேலை இல்லை. விரிப்புகளை விலக்கி நேரே மாடிக்குப் போனேன். கொஞ்ச நாள் உட்காராமல் நின்றேன். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். பழக்கத்தில் மறுபடி என் நாற்காலிக்கே வந்து, முழங்கையைத் திட்டில் வைத்து, நினைவு வந்து எடுத்தேன்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் செய்தித்தாள்களை எடுத்துத் தரையில் வைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து வேறு அறை மாதிரி இருந்தது. கீழே முற்றம் முழுசாகத் தெரிந்தது. குழாய், துணிக்கொடி, அக்கா கால் வைத்து நிற்கும் கல். நிமிர்ந்து எதிரே பார்த்தேன். என் நாற்காலிக்கு மேலே, சுவரில், தலை உயரத்தில் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. உருண்டையாக, ஒரு பக்கம் கொஞ்சம் சப்பி. என் தலை சாய்ந்து சாய்ந்து ஆனது. நான் சாய்ந்தால் மறைந்துவிடும், முன்னால் குனிந்தால் எனக்கு முதுகுப் பக்கம். அவளுக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறாள். துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை.

"மாடி" என்று கீழேயிருந்து அக்கா கூப்பிட்டாள். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒரு கணம் யாரையோ பார்த்ததுபோல நின்றாள். பிறகு, "நீங்கதானா" என்றாள். "இத்தன நாளும் அந்த ஜன்னல்ல உங்க முழங்கைதான் தெரியும், மூஞ்சி தெரியாது. வாங்க, ரெண்டு விரிப்பு காஞ்சிருக்கு. நெட்டையும் இல்ல."

இறங்கிப் போனேன். வெயிலில் காய்ந்த துணி மொரமொரப்பாக இருந்தது. எதிரெதிரே நின்றோம். இழுத்தோம். உதறினோம். இடது நுனி சுண்டு விரலில் உரசியது. எறும்பு ஊர்வதுபோல ஏதோ ஒன்று, விரலின் ஓரத்தில், எரிச்சலாக.

"ம்" என்றேன்.

"என்ன?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டு நுனியை எடுத்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தேன்.